நுணுக்குக்காட்டிப் படமும் அளவையும்

கண்ணாற் காண்டல் வேறு. கண்டதனை அளந்தறிதல் வேறு. வானில் நிலவைக் காணாதார் இலர். அதன் விட்டத்தை அளந்தறிந்தோர் மிகச் சிலரே. இவ்வேறுபாடு நுணுக்குக்காட்டியின் கீழ்த் தோன்றும் நுண்ணுலகுக்கும் பொருந்தும். ஒரு துளிக் குருதியையோ ஓர் இலையின் மேற்றோலையோ நுணுக்குக்காட்டியில் வைத்து நோக்கும் மாணவன் வியக்கத்தக்க காட்சியொன்றைக் காண்கின்றான். ஆயின், அக்காட்சியிலுள்ள கலம் எத்துணைப் பெரிது, அத்தகைய கலங்கள் எத்தனை உள, நோயுற்றவிடத்து அவை கூடினவா குறைந்தனவா என்னும் வினாக்கள் எழும்போது வியப்பு ஆராய்ச்சியாக மாறுகின்றது. அவ்வினாக்களுக்கு எண்ணாலேயே விடை கூறல் வேண்டும். ஒரு படத்திலிருந்து எண்ணைப் பெறுதல் எளிது. பொருளுடைய எண்ணைப் பெறுதல் அரிது. அவ்வருமை எங்கே கிடக்கின்றது என்பதையும், அறிஞர் அதனை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இம்முயற்சி புதியதன்று. 1665 ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியான ‘மைக்கிரோகிராபியா’ என்னும் நூலில் றொபேட் ஹூக் என்பார், தக்கையின் மெல்லிய சீவலொன்றைத் தாம் நோக்கியவாற்றை எழுதினார். அதிற் கண்ட சிற்றறைகளுக்கு அவர் இட்ட ஆங்கிலப் பெயரே இன்று தமிழிற் கலம் எனப்படுவதன் மூலமாயிற்று. இச்செய்தி பலரும் அறிந்தது. பலரும் அறியாத பிறிதொன்றும் அப்பகுதியில் உண்டு. ஹூக் அவ்வறைகளைப் பார்த்ததோடு அமையாது எண்ணவுஞ் செய்தார். ஓர் அங்குலத்தின் 18 இல் ஒரு பங்கு நீளத்தில் ஏறக்குறைய 60 அறைகள் வரிசையாக இருத்தலைக் கண்டு, ஓர் அங்குலத்தில் 1,080 அறைகள் உள எனக் கணித்தார். அதன் வர்க்கத்தைக் கொண்டு ஒரு சதுர அங்குலத்துக்கு 1,166,400 அறைகள் என்றும், கனத்தைக் கொண்டு ஒரு கன அங்குலத்துக்கு 1,259,712,000 அறைகள் என்றும் முடிவு கூறினார். மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்கிரோமீற்றர் எனப்படும். இவ்வளவையிற் கூறின், ஹூக் கண்ட ஓர் அறையின் நீளம் ஏறக்குறைய 24 மைக்கிரோமீற்றர் ஆகும்.

இக்கணிப்பில் மூன்று படிகள் அடங்கியுள்ளன. அறியப்பட்ட அளவுகோலொன்றோடு ஒப்பிடுதல் முதலாவது, எண்ணுதல் இரண்டாவது, ஒரு தளத்திற் கண்டதைக் கொண்டு கனத்தை ஊகித்தல் மூன்றாவது. அறைகள் மூன்று திசைகளிலும் ஒரேயளவின என்னும் கருதுகோள் மூன்றாம் படியில் மறைந்து கிடக்கின்றது. அது மெய்யாயினன்றி எண்ணும் மெய்யாகாது. மேலும், 60 எனக் கொண்ட இடத்தில் உண்மையில் 57 அறைகளே இருந்திருப்பின், கன அங்குலத்துக்குரிய தொகை ஏறக்குறைய ஏழிலொரு பங்கு குறைந்துவிடும். அற்றாகப் பத்து இலக்கங்கொண்ட அவ்வெண்ணின் கடை இலக்கங்கள் நம்பத்தக்க அறிவைத் தருவன அல்ல; அலங்காரமாக நிற்பனவே. படத்தினின்றும் அளவை பெற முயல்வோர் இன்றும் இம்மூன்று படிகளையே ஏறுகின்றனர்; இன்றும் இவ்விடங்களிலேயே இடறுகின்றனர்.

அளவுகோல்

உருப்பெருக்கம் அளவையன்று என்பது முதலில் தெளியப்பட வேண்டியது. “400 மடங்கு பெருக்கப்பட்டது” எனப் படத்தின்கீழ் எழுதுதல் ஒரு காலத்து வழக்கமாயிருந்தது. ஆயின், அப்படம் நூலில் அச்சாகும்போது சுருங்கலாம். திரையிற் காட்டப்படும்போது விரியலாம். அப்பொழுது 400 என்னும் எண் பொருளற்றதாகின்றது. ஆதலினாற்றான் இக்காலத்து ஆராய்ச்சியாளர் படத்தினுள்ளேயே அளவுகோடொன்றைப் பொறிக்கின்றனர். படம் எவ்வளவு விரியினும் சுருங்கினும் அக்கோடும் உடன் விரிந்து சுருங்குமாதலின் ஒப்பீடு கெடுவதில்லை.

அக்கோட்டின் நீளம் எவ்வாறு அறியப்படுகின்றது? இதற்கென மேடை நுண்மானி என்னும் கருவி உண்டு. கண்ணாடி வழுக்கியொன்றில் 1 மில்லிமீற்றர் நீளமான கோடு 100 சமபாகங்களாகப் பிரித்துப் பொறிக்கப்பட்டிருக்கும்; ஒரு பாகம் 10 மைக்கிரோமீற்றர். பார்வைத்துண்டினுள் வேறோர் அளவுகோல் இருக்கும். அதன் பாகங்களுக்குத் தமக்கென நிலையான மதிப்பு இல்லை. இரண்டையும் ஒருங்கே நோக்கி ஒப்பிடல் வேண்டும். பார்வைத்துண்டின் 100 பாகங்கள் மேடை நுண்மானியின் 25 பாகங்களோடு பொருந்தின், 100 பாகங்கள் 250 மைக்கிரோமீற்றருக்குச் சமம். ஒரு பாகம் 2.5 மைக்கிரோமீற்றர். இனி நுண்மானியை எடுத்துவிட்டுக் குருதிப் பூச்சை வைத்து நோக்க, ஒரு செங்குருதிக்கலம் 3 பாகங்களை அடக்குமாயின் அதன் விட்டம் 7.5 மைக்கிரோமீற்றர் ஆகும். பொருள்வில்லையை மாற்றியவுடன் இவ்வொப்பீட்டையும் மீளச் செய்தல் வேண்டும். ஒரு வில்லைக்குரிய மதிப்பைப் பிறிதொன்றுக்குப் பயன்படுத்துதல் தொடக்கநிலை மாணவர் பெரிதும் இழைக்கும் தவறு.

ஒளிப்படக்கருவி பொருத்தப்பட்ட இக்கால நுணுக்குக்காட்டியிலும் தத்துவம் இதுவே. அதன் படம் பிக்செல் எனப்படும் நுண்சதுரங்களால் ஆனது. கருவியின் உணரியிலுள்ள ஒரு சதுரத்தின் பக்கம் 6.5 மைக்கிரோமீற்றராகவும் வில்லையின் பெருக்கம் 100 ஆகவும் இருப்பின், அச்சதுரம் பொருளில் 0.065 மைக்கிரோமீற்றரைக் குறிக்கும். இது கணக்காற் பெற்ற மதிப்பு. இதனையும் மேடை நுண்மானியைக் கொண்டு சரிபார்த்த பின்னரே ஏற்றல் தகும்.

பிரிவலுவும் விளிம்பும்

வில்லையின் பெருக்கத்தைக் கூட்டிக்கொண்டே போனால் எத்துணைச் சிறு பொருளையும் அளந்துவிடலாம் எனக் கருதுவாருளர். அது பொருந்தாது. ஒளி அலைவடிவினது, வில்லையின் வழிச் செல்லுங்கால் அது கோணலுறுகின்றது. ஆதலின், ஒரு புள்ளி புள்ளியாகத் தோன்றாது சிறு வட்டமாகப் பரந்து தோன்றும். இரு புள்ளிகள் மிக நெருங்கியிருப்பின் அவற்றின் வட்டங்கள் ஒன்றியொன்றாகிவிடும். 1873 இல் யேர்மனியின் யேனா நகரில் ஏர்ணஸ்ற் அபே என்பார் இவ்வெல்லையை வகுத்தார். ஒளியின் அலைநீளத்தை, வில்லை ஒளியை வாங்கும் திறனைக் குறிக்கும் எண்துவாரத்தின் இருமடங்கால் வகுக்கப் பெறுவதே பிரித்தறியத்தக்க மிகக் குறைந்த தூரம். அலைநீளம் 550 நனோமீற்றராகவும் எண்துவாரம் 1.4 ஆகவும் கொள்ளின் விடை ஏறக்குறைய 200 நனோமீற்றர், அஃதாவது 0.2 மைக்கிரோமீற்றர். இதற்கு மேற்பட்ட பெருக்கம் வெறும் பெருக்கமே. புதிய செய்தி எதுவும் அதனாற் கிடைப்பதில்லை.

ஈண்டு நுட்பமான வேறுபாடொன்று நினைவிற் கொள்ளத்தக்கது. நெருங்கிய இரு புள்ளிகளைப் பிரித்தறிதல் வேறு. தனித்து நிற்கும் ஒரு புள்ளியின் நடுவிடத்தைக் குறித்தல் வேறு. பரந்த வட்டமாயினும் அதன் நடுவிடத்தை அவ்வட்டத்தின் அகலத்திலும் மிக நுட்பமாகக் கணிக்கலாம். அப்புள்ளியிலிருந்து வந்த ஒளித்துணிக்கைகளின் தொகை கூடக்கூட, அத்தொகையின் வர்க்கமூலத்துக்கேற்ப நுட்பமும் கூடும். 400 ஒளித்துணிக்கைகள் கிடைப்பின், பின்னணி ஒளி இல்லாவிடத்து, வழு ஏறக்குறைய இருபதிலொரு பங்காகக் குறையும். ஒளிரும் மூலக்கூறுகளை ஒருங்கே ஒளிரவிடாது சிலசிலவாக ஒளிரச்செய்து, ஒவ்வொன்றின் நடுவிடத்தையும் தனித்தனி குறித்து, இறுதியில் அனைத்தையும் ஒன்றுசேர்த்துப் படமாக்கும் முறை இத்தத்துவத்தில் எழுந்தது. அபே வகுத்த எல்லையை இம்முறையாலும் வேறு முறையாலும் கடந்தமைக்காக எரிக் பெற்சிக், ஸ்ரெபான் ஹெல், வில்லியம் மோர்னர் ஆகிய மூவர்க்கும் 2014 ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

விளிம்பு மங்கலாயிருத்தலின் பிறிதோர் இடரும் உண்டு. கலமொன்றின் கரு எவ்விடத்தில் முடிகின்றது? சாயமூட்டிய கருவின் நடு ஒளிமிக்கதாயும், ஓரம் படிப்படியாக மங்குவதாயும் இருக்கும். எந்த ஒளியளவுக்கு மேற்பட்டதைக் கரு என்று கொள்வது என்பதை ஆராய்பவரே வரையறுக்க வேண்டியவராகின்றார். 5 மைக்கிரோமீற்றர் ஆரையுடைய வட்டமான கருவின் விளிம்பைக் கால் மைக்கிரோமீற்றர் வெளியே தள்ளிக் குறித்தால், பரப்பு 10 வீதத்துக்குச் சற்று மேலாகவும், கோளமெனக் கொண்டு கணித்த கனவளவு ஏறக்குறைய 16 வீதமாகவும் கூடிவிடும். கண்ணுக்குத் தோன்றாத அச்சிறு பெயர்ச்சி ஒரு நோயின் விளைவு போலக் காட்சியளித்தல் கூடும். இவ்வெல்லையைக் கையாற் குறியாது, படத்தின் ஒளிப் பரம்பலிலிருந்தே கணித்துக்கொள்ளும் விதியொன்றை யப்பானியரான நொபுயுக்கி ஒற்சு 1979 இல் வெளியிட்டார். அவ்விதி ஒருவர் விருப்பத்தை விலக்குகின்றது. ஆயினும், விளக்கொளி கூடியும் குறைந்தும் எடுக்கப்பட்ட படங்களை அது தானே சமப்படுத்திவிடாது. ஒப்பிடப்படும் படங்கள் யாவும் ஒரே ஒளியில், ஒரே நேரவளவில் எடுக்கப்படல் வேண்டும். ஒளி மிகுந்து, 0 முதல் 255 வரையுள்ள அளவில் உச்சமாகிய 255 ஐப் பல புள்ளிகள் எய்திவிடின், அவற்றுள் எது பெரிது எது சிறிது என்பதை அறிய வழியே இல்லை. நிறைந்து வழிந்த குடத்தைப் பார்த்து, அதனுள் எத்தனை குடம் நீர் ஊற்றப்பட்டது எனக் கூறவியலுமோ?

எண்ணுதலும் வழுவும்

அளத்தலினும் எண்ணுதல் எளிதெனத் தோன்றும். குருதிக் கலங்களை எண்ணுதற்கு நியூபவர் எண்ணறை எனப்படும் கண்ணாடித் தட்டு நெடுங்காலமாக வழங்குகின்றது. அதன் ஒரு பெருஞ்சதுரத்தின் பரப்பு 1 சதுர மில்லிமீற்றர், ஆழம் 0.1 மில்லிமீற்றர். ஆகவே, அதனுள் அடங்கும் திரவம் 0.1 கன மில்லிமீற்றர். கோட்டின்மேற் கிடக்கும் கலங்களை என்செய்வது? இரு பக்கக் கோடுகளைத் தொடுவனவற்றைச் சேர்த்தும், எஞ்சிய இரு பக்கக் கோடுகளைத் தொடுவனவற்றை விலக்கியும் எண்ணுதல் விதி. இவ்விதியின்றேல் ஒரு கலம் இரு சதுரங்களிலும் எண்ணப்பட்டுத் தொகை மிகைபடும்.

கவனத்தோடு எண்ணினும் வழு முற்றாக நீங்குவதில்லை. டப்ளின் நகரில் கின்னஸ் மதுவடிசாலையிற் பணியாற்றிய வில்லியம் சீலி கொசெற் என்பார், மதுவக் கலங்களை எண்ணும்போது எழும் இவ்வழுவை ஆராய்ந்து 1907 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதனை அவர் தம் பெயரால் வெளியிடாது ‘மாணவன்’ என்று பொருள்படும் புனைபெயரால் வெளியிட்டார். புள்ளிவிபரவியல் பயில்வோர் அனைவரும் அறிந்த அதே ‘மாணவன்’ அவரே. நன்கு கலக்கப்பட்ட திரவத்திற் கலங்கள் எழுமாறாகப் பரந்து கிடத்தலின், ஓரிடத்து எண்ணிய தொகையின் இயல்பான ஏற்றத்தாழ்வு அத்தொகையின் வர்க்கமூலத்தை ஒத்திருக்கும். 100 கலங்கள் எண்ணினால் ஏற்றத்தாழ்வு 10, அஃதாவது 10 வீதம். 400 எண்ணினால் 20, அஃதாவது 5 வீதம். வழுவை அரைவாசியாகக் குறைக்க உழைப்பை நான்கு மடங்காக்கல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். எண்ணுபவர் எத்துணைத் திறமையுடையவராயினும் இவ்விதியினின்றும் தப்பவியலாது.

எண்ணிக்கை நோயாளியின் உயிரோடு தொடர்புறும் இடம் மலேரியாப் பரிசோதனையாகும். தடித்த குருதிப் பூச்சில் 200 வெண்குருதிக்கலங்களை எண்ணி முடிப்பதற்குள் எத்தனை ஒட்டுண்ணிகள் கண்ணிற்பட்டன என்பதைப் பரிசோதகர் குறித்துக்கொள்வர். ஒரு கன மில்லிமீற்றர் குருதியில் 8,000 வெண்குருதிக்கலங்கள் உள எனக் கொண்டு கணக்கிடுதல் வழக்கம். 50 ஒட்டுண்ணிகள் காணப்படின் விடை 2,000 ஆகும். ஆயின், அந்நோயாளியின் வெண்குருதிக்கலங்கள் உண்மையில் 4,000 ஆகக் குறைந்திருப்பின் சரியான விடை 1,000 மட்டுமே. எண்ணியவர் பிழைத்திலர், கருதுகோளே பிழைத்தது. இயலுமிடத்து அந்நோயாளியின் வெண்குருதிக்கலத் தொகையையே அளந்து பயன்படுத்துதல் இதற்கு மாற்றாகும்.

இன்னும், ஒன்றுமில்லை என்பதும் ஓரளவையே. உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி, தடித்த பூச்சின் 100 பார்வைப்புலங்களை நோக்கிய பின்னரே ஒட்டுண்ணி இல்லை என அறிக்கையிடலாம். 10 புலங்களை மட்டும் நோக்கிவிட்டு இல்லையென்பது, காணவில்லை என்பதை இல்லை என்பதாக மாற்றி உரைத்தலாகும். 1934, 1935 ஆம் ஆண்டுகளில் மலேரியாக் கொள்ளைநோயாற் பல்லாயிரவரை இழந்த இலங்கை, 2016 ஆம் ஆண்டில் மலேரியா அற்ற நாடாக அந்நிறுவனத்தாற் சான்றளிக்கப்பட்டது. அச்சான்றுக்குப் பின்னால், ஒட்டுண்ணி இல்லாத எண்ணற்ற குருதிப் பூச்சுகளைப் பொறுமையோடு புலம் புலமாக நோக்கிய பரிசோதகர்தம் உழைப்பும் நிற்கின்றது.

வெட்டுமுகத்தின் மயக்கு

குருதி திரவமாதலின் அதன் கலங்களை எண்ணறையில் இடலாம். மூளை, சிறுநீரகம் முதலிய உறுப்புகளின் கலங்களை எண்ணுமாறு யாது? உறுப்பைப் பதப்படுத்தி, மெழுகிற் பதித்து, மெல்லிய சீவல்களாக வெட்டி, அவற்றுட் சிலவற்றை நோக்குவர். சீவலிற் காண்பது கலமன்று, கலத்தின் வெட்டுமுகமே. இதனை மறந்தமையால் விளைந்த தவறுகள் பல.

மரமுந்திரிகைப் பருப்பு இட்ட இனிப்பொன்றைத் துண்டங்களாக வெட்டுவதாகக் கொள்வோம். ஒரே பருப்பு இரண்டு மூன்று துண்டங்களிலும் தலைகாட்டும். ஒவ்வொரு துண்டத்திலும் தோன்றும் பருப்புகளை எண்ணிக் கூட்டினால், இட்ட பருப்பினும் மிகுதியான தொகை கிடைக்கும். பருப்புப் பெரிதாயின் அது மேலும் பல துண்டங்களில் வெட்டுப்படும். கலங்களுக்கும் இது பொருந்தும். சீவலின் தடிப்பு 10 மைக்கிரோமீற்றர், கலக்கருவின் விட்டமும் 10 மைக்கிரோமீற்றர் எனக் கொள்க. கருவின் நடுவிடம் சீவலுள் இருப்பினும், சீவலுக்கு மேலோ கீழோ 5 மைக்கிரோமீற்றர் தூரத்துள் இருப்பினும், அக்கரு சீவலில் தோன்றும். ஆகவே, 10 மைக்கிரோமீற்றருக்கு உரியனவன்றி 20 மைக்கிரோமீற்றருக்கு உரியன யாவும் எண்ணப்படுகின்றன. மெய்யாக 100 கருக்கள் உரியவாகும் இடத்தில் 200 தோன்றும். இனி, ஒரு நோயினாற் கருக்கள் வீங்கி 20 மைக்கிரோமீற்றர் விட்டம் பெறின், அதே இடத்தில் 300 தோன்றும். ஒரு கலமேனும் புதிதாகத் தோன்றாதிருக்கவும், கலங்கள் ஒன்றரை மடங்காயின என ஆராய்பவர் எழுதிவிடுவார். மாறாக, கருக்கள் சுருங்கின், கலங்கள் மடிந்தன என்னும் பொய்ச்செய்தி பிறக்கும்.

1946 இல் அபர்குரொம்பி என்பார் இதற்குத் திருத்தமொன்று கூறினார். எண்ணிய தொகையைச் சீவலின் தடிப்பாற் பெருக்கி, தடிப்பும் விட்டமும் சேர்ந்த தொகையால் வகுத்தல் வேண்டும் என்பது அது. மேற்கூறிய எடுத்துக்காட்டில் 200 ஐ 10 ஆற் பெருக்கி 20 ஆல் வகுக்க 100 பெறப்படும். ஆயின், இத்திருத்தத்துக்குக் கருவின் விட்டம் தெரிந்திருத்தல் வேண்டும். வடிவமும் ஒழுங்காயிருத்தல் வேண்டும். இவ்விரண்டும் வேண்டாத வழியொன்று 1984 இல் வெளியாயிற்று. அடுத்தடுத்துள்ள இரு சீவல்களை ஒப்பிட்டு, ஒன்றிற் காணப்பட்டு மற்றதிற் காணப்படாத கலங்களை மட்டும் எண்ணுதலே அவ்வழி. பெரிதோ சிறிதோ, நீண்டதோ உருண்டதோ, எக்கலத்துக்கும் முடி ஒன்றே. ஆதலின் முடியை எண்ணினாற் கலத்தை ஒருமுறையே எண்ணியதாகும். சீவல்களுக்கு இடைப்பட்ட தூரம் கலத்தின் உயரத்தினும் மிகக் குறைவாயிருத்தல் ஒன்றே வேண்டப்படுவது. ‘டைசெக்ரர்’ என வழங்கும் இம்முறையை வெளியிட்டவர் ‘டி. சி. ஸ்ரீறியோ’ என்னும் பெயரைப் பூண்டார். அது மெய்ப்பெயரன்று, அம்முறையின் ஆங்கிலப் பெயரிலுள்ள எழுத்துகளை இடமாற்றிப் புனைந்ததாகும். கொசெற்றைப் போல இவரும் புனைபெயருள் மறைந்து நின்றமை சுவையான ஒற்றுமை.

இம்முறையைக் கையாளுவோர்க்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. பதப்படுத்தும்போது இழையம் சுருங்கும். ஒவ்வொரு திசையிலும் 20 வீதம் சுருங்கின் கனவளவு ஏறக்குறைய அரைவாசியாகிவிடும். கலங்கள் கூடாதிருக்கவும் ஒரு கன மில்லிமீற்றரிலுள்ள கலங்கள் இருமடங்காகத் தோன்றும். ஆகவே, அடர்த்தியோடு நில்லாது, உறுப்பின் முழுக் கனவளவையும் அளந்து மொத்தத் தொகையைக் கூறுதலே முறை.

நிறமூர்த்தங்களின் கதை

கருவியும் முறையும் செம்மையுறினும் நோக்குபவரின் மனம் செம்மையுறாவிடின் பயனில்லை என்பதற்கு மனித நிறமூர்த்தங்களின் எண்ணிக்கை தக்க சான்றாகும். அமெரிக்காவில் தெக்சாசு மாநிலத்துத் தியோபிலஸ் பெயின்ரர் என்பார் விதையிழையத்தின் சீவல்களை நோக்கி ஆராய்ந்தார். 1921 இல் தொகை 46 அல்லது 48 என ஐயுற்ற அவர், 1923 இல் 48 என முடிவு கூறினார். நிறமூர்த்தங்கள் ஒன்றன்மேலொன்று கிடந்த நிலையில் அவ்வெண்ணிக்கை மிகக் கடினமாயிருந்தது. எனினும் 48 என்பது பாடநூல்களில் இடம்பெற்று, முப்பதாண்டுகளுக்கு மேலாக எவராலும் மறுக்கப்படாது நிலவிற்று.

பின்னர், வளர்ப்பிலுள்ள கலங்களைச் செறிவு குறைந்த கரைசலில் வீங்கச்செய்து நிறமூர்த்தங்களைப் பரப்பும் முறையும், கொல்சிசீன் என்னும் பொருளாற் கலப்பிரிவை இடையில் நிறுத்தும் முறையும் வந்தன. இவற்றைக் கையாண்டு, சுவீடனின் லுண்ட் நகரில், யாவாவிற் பிறந்த யோ ஹின் ஜியோ என்பார் 1955 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் மனித முளையத்தின் நுரையீரற் கலங்களை நோக்கினார். ஒன்றன்மேலொன்று படியாது விரிந்து கிடந்த நிறமூர்த்தங்கள் 46 ஆகவே இருந்தன. அவரும் அல்பேட் லெவான் என்பாரும் 1956 இல் இதனை வெளியிட்டனர். அவர்தம் கட்டுரையிற் காணப்படும் செய்தியொன்று சிந்திக்கத்தக்கது. அதற்குச் சற்று முன்னர்ச் சுவீடனில் வேறு சில ஆய்வாளர் மனித முளையத்தின் ஈரற் கலங்களை நோக்கி, மீண்டும் மீண்டும் 46 ஐயே எண்ணினர். எண்ணியும், எஞ்சிய இரண்டைத் தம்மாற் காணமுடியவில்லை எனக் கருதித் தம் ஆய்வை இடைநிறுத்தினர். கண் 46 என்றது. கற்ற நூல் 48 என்றது. அவர் நூலையே நம்பினர்.

இத்திருத்தம் வெறும் எண்ணைப் பற்றியதன்று. மூன்றாண்டுகளின் பின், 1959 இல், டவுன் கூட்டறிகுறி உடைய குழந்தைகளின் கலங்களில் 47 நிறமூர்த்தங்கள் இருத்தலைப் பிரான்சிய அறிஞர் லெசேன், கோற்றியே, துர்ப்பின் ஆகியோர் வெளியிட்டனர். இயல்பான தொகை 46 எனத் தெளிவாகாத காலத்தில் 47 என்னும் எண்ணுக்குப் பொருள் என்ன? ஒன்று மிகை என்பது ஒன்று குறை என்றே கொள்ளப்பட்டிருக்கும். செம்மையான அளவையின்மேலேயே மருத்துவத்தின் புதியதொரு துறை எழுந்தது.

மாதிரியும் கணினியும்

எப்படத்தை எடுப்பது என்பதும் அளவையின் ஒரு பகுதியே. அழகிய இடத்தைத் தேடிப் படமெடுத்தல் இயல்பு. அழகிய இடம் மாதிரியாகாது. முதலிடத்தை எழுமாறாகத் தெரிந்து, அதன்பின் சமதூரத்தில் இடந்தோறும் படமெடுத்தல் நன்று. எது நோயுற்றது, எது நலமானது என்பதை எண்ணுபவர் அறியாதிருத்தலும் வேண்டும். இன்னும், ஒரே எலியின் 1,000 கலங்களை அளந்தமையால் 1,000 சான்றுகள் கிடைத்தனவாகா; எலிகளைப் பற்றிய வினாவுக்கு அது ஒரு சான்றே. ஒரு வீட்டாரை ஆயிரமுறை வினவி ஊரார் கருத்தை அறிந்ததாகக் கூறுதல் எவ்வாறோ அவ்வாறே இதுவும்.

இக்காலத்திற் கணினி இவ்வேலையைப் பெரிதும் எளிதாக்கியுள்ளது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் வேய்ன் றாஸ்பாண்ட் என்பார் ஆக்கிய ‘இமேஜ்ஜே’ என்னும் மென்பொருள் 1997 முதல் விலையின்றிக் கிடைக்கின்றது. பள்ளி மாணவரும் அதனைப் பயன்படுத்தலாம். 2015 இல் யேர்மனியின் பிரைபேர்க்குப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியான ‘யூநெற்’ போன்ற முறைகள், மனிதர் விளிம்பு குறித்த படங்களைக் கற்று, புதிய படங்களிலும் அவ்வாறே விளிம்பு குறிக்கின்றன. ஒரு நாளில் ஒருவர் எண்ணுவதைக் கணினி சில நொடிகளில் எண்ணிவிடும். களைப்பும் சலிப்பும் அதற்கில்லை. ஆயினும், தான் கற்ற படங்களினும் வேறான சாயமோ, ஒளியோ, இழையமோ வரின் அது பிழைக்கும். பிழைத்ததைத் தானே உணர்ந்து உரைக்கவும் மாட்டாது. ஆதலின், கணினி எண்ணியவற்றுட் சில படங்களைக் கையாலும் எண்ணி ஒப்பிடுதல் இன்றியமையாதது. மனிதன் இழைக்கும் தவறு படத்துக்குப் படம் வேறுபடலாம். பொறி இழைக்கும் தவறு ஆயிரம் படங்களிலும் ஒரே திசையிற் செல்லும். முன்னது சராசரியிற் குறையும், பின்னது குறையாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், படத்தினின்றும் பெறும் எண் ஒவ்வொன்றும் சில வினாக்களுக்கு விடைகூறிய பின்னரே பொருளுடையதாகும் என்பது விளங்கும். அளவுகோல் சரிபார்க்கப்பட்டதா? அளக்கும் பொருள் பிரிவலுவின் எல்லைக்குள் அடங்குவதா? விளிம்பு எவ்விதியாற் குறிக்கப்பட்டது? எத்தனை எண்ணப்பட்டன? அவை எங்ஙனம் தெரியப்பட்டன? தளத்திற் கண்டதைக் கனமாக மாற்றும்போது கொண்ட கருதுகோள் யாது? இவ்வினாக்களை வினவுதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. பாடசாலை ஆய்வுகூடத்துப் பழைய நுணுக்குக்காட்டியின்முன் அமரும் மாணவனும் இவற்றை வினவலாம். வெங்காயத்தோலின் கலமொன்றை வரைந்து, அதன் பக்கத்தில் அளவுகோடிட்டு, எத்தனை கலங்களை அளந்து அவ்வளவைப் பெற்றான் என்பதையும் அவன் எழுதுவானாயின், அவன் படம் வரைந்தவனல்லன், ஆராய்ந்தவன். நூல் 48 என்று கூறத் தன் கண் 46 என்று கூறுமிடத்து, மீண்டும் எண்ணிப் பார்க்கும் துணிவும், எண்ணியதை எண்ணியவாறே எழுதும் நேர்மையும் அவனுக்கு வாய்க்குமாயின், அவன் கற்ற கல்வி பயன்பட்டதாகும்.